முள் ஏறாத கார்

என் காரின் எஞ்சின் சூடாகாமல் இருந்ததற்குக் காரணம், முன் பம்பரில் எலுமிச்சம்பழத்தோடும் பச்சை மிளகாயோடும் சேர்த்துத் தொங்கிய ஒரு பித்தளைத் துண்டுதான் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால் நல்லது, பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் இன்று காலை ஞாபகத்துக்கு வந்ததற்கு என் மகள்தான் காரணம். வேலைக்குப் போய்வர புதிதாகக் கார் வாங்கியிருக்கிறாள். தை மாதத்துப் பனியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை இடுப்புக்கு மேல் காணாமல் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடுகிறேன் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். எதிரில் நீலமாக ஒரு விளக்கு எரிந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாப்பா ஆச்சு?"

"நீலமா ஒண்ணு எரியுது."

"எஞ்சின் இன்னும் சூடாவலன்னு சொல்லுது. தானா அணைஞ்சிடும்."

"முள்ளு எங்க?"

"இன்னா முள்ளு?"

தெருமுனை திரும்புவதற்குள் விளக்கு அணைந்தது. எனக்குத்தான் படபடப்பு அணையவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு முன்னால் ஒரு பழைய மினி லாரி கிளம்பி வெள்ளைப் புகையைக் கக்கியது. எரியாத டீசல் வாசனை. மகள் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். நான் இறக்கிவிட்டுக்கொண்டேன். பாதி எரிந்தும் எரியாமலும் வரும் அந்த வாசனை இருக்கிறதே, அது என் கல்யாணத்தின் வாசனை. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூவும் சந்தனமும் வரும். அவரவர் கொடுப்பினை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாது என்றும் ஊரில் பேச்சு. கழனி வேலை எனக்குச் சரிப்படாது என்று நைனாவே கைவிட்டுவிட்டு, இருந்ததைப் போட்டு ஒரு பழைய டீசல் காரை வாங்கிக் கொடுத்தார். செஞ்சி கார் ஸ்டாண்டில் அதைப் போட்டு வாடகைக்கு ஓட்டினேன். கோட்டை பார்க்க வருகிறவர்கள், திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் காபி கொடுத்தார்கள், பிறகு "டிரைவரா" என்று கேட்டார்கள். அந்த 'டிரைவரா'வுக்குப் பிறகு காபி ஆறிப்போகும்.

கார் வந்த புதிதில் நைனா அதை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். நானும் கூடப் போனேன். பாதியில் எலுமிச்சம்பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. நைனா குந்திக்கொண்டு பம்பரில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றில் ஒரு பித்தளைத் துண்டு. நடுவில் வட்டத் தட்டு, கீழே சின்ன ஸ்பிரிங், பார்க்க ஏதோ கோயில் சாமான் மாதிரி இருந்தது.

"இன்னா நைனா இது?"

"மெக்கானிக்கு குடுத்தாரு. இனிமே எந்த வெயில்லயும் வண்டி சூடாவாதுன்னு சொல்லிட்டாரு. பழத்த குடு."

அவ்வளவுதான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மெக்கானிக் என்றால் மந்திரிக்கவும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சித்திரை மாதத்தில் செஞ்சியில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்று பக்கமும் மலை. மலை என்றால் மரம் செடி உள்ள மலை இல்லை, வெறும் பாறை உருண்டைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகும் நம் மேல் துப்பிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் டிரைவராக இருப்பவனுக்கு ஒரே ஒரு பயம்தான், வண்டி கொதிப்பது. எல்லார் டிக்கியிலும் தண்ணீர் கேன் இருக்கும். என் டிக்கியில் மட்டும் கிடையாது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள், கீழே குளிர்ச்சிப் பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்தது போலக் கிடக்கும். நான் ஸ்டாண்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "நம்ம குணம்தான் வண்டிக்கும்" என்பேன்.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்த வண்டி ஏகாம்பரத்துடையது. கொதிப்பதில் அவன் வண்டிக்கு ஈடு கிடையாது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினான்.

"டேய், உண்மையைச் சொல்லு. எப்பிட்றா உன் வண்டி மட்டும் சூடாவல?"

எனக்குப் பெரிய மனது. பம்பரைக் காட்டினேன். மறுநாள் அவன் தன் வண்டியின் முன்னால் ஒரு பித்தளைப் பூஜை மணியைக் கட்டிக்கொண்டு வந்தான். அன்று முதல் அவன் வருவது தேரடியிலேயே கேட்டது. சவாரி போய்விட்டுத் திரும்பியவன் நேராக என்னிடம் வந்தான்.

"மணி அடிச்சிகினே கொதிக்குதுடா" என்றான்.

மணியை நாக்கு இல்லாமல் கட்டியிருக்க வேண்டும் என்று யோசனை சொன்னேன்.

இப்படி நான் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த நாட்களில்தான் விழுப்புரத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் பூங்கொடி. அப்பா தனியார் பஸ் டிரைவர். நைனாவும் அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். பெண்ணோடு பேசிக்கொள்ளச் சொல்லித் தனியாக விட்டார்கள். தனியாக என்றால் கதவைத் திறந்து வைத்து, வெளியே எட்டுப் பேர் காது கொடுத்துக்கொண்டு.

நான் முந்திக்கொண்டு, "டிரைவரு வேலைன்னா பரவால்லையா?" என்றேன்.

"எங்க வூட்லயும் டிரைவருதான். சாப்பாட்டு நேரத்துக்கு வரமாட்டாங்க. வந்தா ரோட்டைப் பத்தியே பேசுவாங்க. பழகிடுச்சி" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் காபி சூடாக இருக்கும்போதே முடிந்தது.

அவள் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "வூடு பாக்க வெள்ளிக்கிழமை வர்றோம். உங்க வண்டியிலயே வர்றோம், தம்பியே வந்து கூட்டிகினு போவட்டும். வண்டிய வச்சிருக்கற லட்சணத்துல ஆளு தெரிஞ்சிடும்" என்றார். நைனாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எங்க வண்டி சூடே ஆவாதுங்க" என்றார். பெண்ணின் அப்பா முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தார்.

மார்கழி மாதம். அந்த வாரம் பார்த்துத்தான் விடியற்காலையில் தொண்டூருக்கு ஒரு சவாரி. ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஆட்கள் ஏறியதும் திரும்பக் கிளப்பினேன். பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. கொஞ்ச நஞ்சம் இல்லை. எதிர்வீட்டுக் கோலம் மறைந்தது, பிறகு எதிர்வீடே மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கடி, சோத்துப்பானைய மூடு" என்றது. தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. என் வண்டியில் ஏறியவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். ஊர் எல்லையில் இருந்த லேசான மேட்டில் வண்டி இருமிக்கொண்டே ஏறியது.

யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே டீசல் கூடுதலாகத்தான் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் கிளம்ப மறுத்தது. பெட்ரோல் பங்கைக் குறை சொன்னேன், ரோட்டைக் குறை சொன்னேன். சூடாகாத வண்டிக்கு நோய் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டாண்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் புகையைப் பார்த்தான். அவன் முகத்தில் துக்கம் இருந்தது. துக்கத்துக்குப் பின்னால் பண்டிகையும் இருந்தது.

"வெள்ளப் புகைடா. ஹெட்டு போச்சு. தண்ணி எஞ்சினுக்குள்ள எறங்குது. எஞ்சின மொத்தமா பிரிச்சிடணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிச்சி மாட்ட முடியுமா?"

"எந்த வெள்ளிக்கிழம?" என்றான்.

அன்று நான் சாப்பிடவில்லை. பூங்கொடியின் அப்பா புகைக்குள் நின்று என்னைத் தேடுவது போலவே கண்ணுக்குள் தெரிந்தது. மெக்கானிக்கிடம் போகலாம் என்றால் அவர் ஊரில் இல்லை, சபரிமலைக்கு மாலை போட்டுப் போயிருந்தார். வேறு ஆளிடம் விட்டு அவன் பிரித்துப் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை எதில் போவது? வேறு வழியில்லாமல் நானே பார்க்க ஆரம்பித்தேன். வண்டியைச் சுற்றி நடப்பது, குனிவது, நிமிர்வது, திரும்பவும் சுற்றுவது. நைனா பார்த்துவிட்டு, "கோயில்ல கூட நீ இவ்ளோ சுத்தனதில்ல" என்றார்.

முதலில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கினால் இங்கே குறைய வேண்டும் அல்லவா? புகையையும் மோந்து பார்த்தேன். பச்சை டீசல் வாசனைதான். ஆக, உள்ளே போவது தண்ணீர் இல்லை, டீசல்தான் எரியாமல் வெளியே வருகிறது. அடுப்பு சூடாகாமல் ஈர விறகு புகைவது போல. இந்த எண்ணம் வந்ததும்தான் முதல் முறையாக அந்த முள்ளைச் சந்தேகமாகப் பார்த்தேன். இத்தனை நாள் நான் கும்பிட்ட முள்.

ஒருவேளை முள் செத்துப்போய், எஞ்சின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறதோ? பானட்டைத் திறந்து, எஞ்சின் சூட்டை முள்ளுக்குச் சொல்லும் ஒற்றை ஒயரைப் பிடுங்கி, பாடியில் தொட்டுப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா, "கரெண்ட்டு அடிக்குமாடா?" என்று கேட்டாள். அடிக்காது என்று சொல்லிவிட்டு நான் பத்திரமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் தொட்டதும் முள் துள்ளி எழுந்து மேல்கோடிக்குப் போனது. எனக்கு உயிரே போனது. எடுத்ததும் படுத்தது. முள்ளுக்கு உயிர் இருக்கிறது. அப்படியென்றால் அது சொன்னது பொய் இல்லை, எஞ்சின் நிஜமாகவே குளிர்ந்துதான் கிடக்கிறது.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைப் பிய்த்துச் செருகி மேல்மலையனூர் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தேன். காற்றை மறைத்ததும் முள் கொஞ்சம் அசைந்து எழுந்தது, வண்டியும் கொஞ்சம் இழுத்தது. அட்டையை எடுத்ததும் பழையபடி. குளிர்ச்சி அளவுக்கு மீறிக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எதனால்?

கடைசித் துப்பு கையிலேயே இருந்தது. காலையில் ஏகாம்பரம் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை அவனுக்குத் தெரியாமல் தொட்டுப் பார்த்தேன். ரொம்ப நேரம் சில்லென்று இருந்தது, பிறகு திடீரென்று கையைச் சுட்டது. என் வண்டியில் கிளப்பிய நிமிஷத்திலிருந்தே அந்தக் குழாய் வெதுவெது என்று ஆகிக்கொண்டு வந்தது. அவன் வண்டியில் எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை அடைத்து வைக்க நடுவில் ஒரு கதவு இருக்கிறது. என் வண்டியில் எல்லா நேரமும் திறந்த வீடு.

குழாய் சேரும் இடத்தில் இரண்டு போல்ட். கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே வெறும் பள்ளம்.

கதவை வாங்கலாம் என்று திண்டிவனம் ரோட்டில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். "மூடிக்குள்ள ஒண்ணு இருக்குமாமே, தண்ணிய அடைக்கறது" என்றேன். கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தார். நடுவில் வட்டத் தட்டு, கீழே ஸ்பிரிங், பித்தளை.

"இது வேணாங்க. இது திருஷ்டிக்கு கட்றது" என்றேன்.

கடைக்காரர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "தெர்மோஸ்டாட் வால்வுங்க" என்றார். "இந்த ஊர்ல வாங்கறவங்க கம்மி. கழட்டி எறியறவங்கதான் ஜாஸ்தி. வெயிலுக்கு பயந்துகினு எடுத்துடுவாங்க."

மிச்சம் வைத்திருந்த சிரிப்பை இப்போது சிரிக்கலாம். அந்தப் பித்தளைத் துண்டுதான் என் எஞ்சினைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே தொங்கியதால்.

வீட்டுக்கு வந்து பழையதை அவிழ்த்துக் கழுவினேன். குங்குமம் போனது, ஸ்பிரிங்கில் ஏறிய துரு போகவில்லை. பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் போட்டேன். அசையவில்லை. புதியதைப் போட்டேன். சூடு ஏற ஏற அது மெதுவாகக் கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தது. அம்மா, "இதுக்கு உசுரு இருக்குதாடா?" என்றாள். பிறகுதான் அது எந்தப் பாத்திரம் என்று கவனித்தாள்.

நைனாவுக்கு வேறு கவலை. "சூடாவக் கூடாதுன்னு நான் எடுத்தா, சூடாவணும்னு நீ மாட்றியா? நாளைக்கு சம்பந்தி ஏறப் போறாரு."

மாட்டினேன். முள் ஏறிச் சரிபாதியில் நின்றது. புகை நின்றது. தொண்டூர் மேட்டில் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து விழுப்புரம் போனேன். காபி குடித்து முடிப்பதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. பூங்கொடியின் அப்பா முன்னால் ஏறினார், அவள் அம்மா பின்னால். சாவியைத் திருகினேன். புகையே இல்லை. எனக்கே என்னைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊரைத் தாண்டியதும் முள் எழுந்தது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பாதிக்கு வந்தது. அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

"தம்பி, முள்ளு ஏறுது."

"ஏறணுங்க மாமா. இதுக்கு மேல ஏறாது."

"அது உனக்குத் தெரியும். எஞ்சினுக்கு தெரியுமா?"

மண்டகப்பட்டு வந்ததும், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். தானே இறங்கி பானட்டைத் தூக்கினார். தோள் துண்டால் எஞ்சினுக்கு விசிறினார். நல்ல மார்கழிக் குளிரில் ஒரு மனிதர் நடுரோட்டில் காருக்கு விசிறுவதைப் பார்த்து, குகைக்கோயில் பார்க்க வந்தவர்கள் கூட ஒரு நிமிஷம் நின்றார்கள்.

நான் வால்வு, கதவு, கொட்டாவி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர், "நான் பஸ்சு ஓட்றேன். என் முள்ளு எழுந்ததே கெடையாது" என்றார்.

"உங்க பஸ்சுலயும் எடுத்திருப்பாங்க மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு டிரைவரிடம் அவர் ஓட்டும் பஸ்ஸைக் குறை சொல்லிவிட்டேன். அவர் விசிறுவதை நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து பூங்கொடியின் அம்மா, "வண்டி சூடாவுதோ இல்லியோ, நான் சூடாவறேன். ஏறுய்யா" என்றார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். செஞ்சி வரும்வரை முள் பாதியிலேயே நின்றது, அசையவில்லை. அது எவ்வளவு நல்ல விஷயம் என்று அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் கேசரி, பஜ்ஜி, உபசாரம். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, "வண்டி ஆறட்டும். நாங்க பஸ்சுல போய்க்கறோம்" என்றார். நைனா என் பக்கம் திரும்பி, "எடுத்தத எடுத்ததா வுட்டிருக்கணும்" என்றார். பழைய பித்தளைத் துண்டு ஜன்னல் மேடையில் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு போனுக்கு அழைப்பு வந்தது. நைனாதான் பேசினார். நான் ரிசீவரில் பாதிக் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"பையன் நல்ல பையன்தாங்க" என்றார் அவர். "எங்க பொண்ணும் அவருன்னா சரின்னுது. வண்டிதான் சூடாவுது. அத நான் பாத்துக்கறேன்."

கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு நானும் பூங்கொடியும் விழுப்புரம் போனோம். கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு நான் நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் கிளம்பும்போது மாமனார் தெருவரைக்கும் வந்து வழியனுப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. மண்டகப்பட்டு தாண்டியும் முள் எழவில்லை. இறங்கிப் போய் முன்னால் பார்த்தேன். புது எலுமிச்சம்பழம், புது மிளகாய், நடுவில் பளபளவென்று என் புது வால்வு.

"அப்பா மெக்கானிக்க கூட்டியாந்தாரு" என்றாள் பூங்கொடி. "நீங்க தூங்கனீங்க. சந்தோஷமா செஞ்சாரு, நான் ஒண்ணும் சொல்லல."

அவர் சந்தோஷத்தை நானும் கெடுக்கவில்லை, வால்வை அங்கேயே தொங்கவிட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால் பழையபடி அட்டையைச் செருகி ஓட்டினேன். அவர் வண்டியில் ஏறும் நாட்களில் பூங்கொடி முன்னதாகவே அட்டையை உருவி டிக்கியில் வைத்துவிடுவாள். அவர் ஏறி உட்கார்ந்து, படுத்துக் கிடக்கும் முள்ளைப் பார்த்து, "இப்பதான் வண்டி" என்பார். புகை வந்தால் பனி என்பார். சித்திரையிலும் பனி என்றுதான் சொன்னார்.

ஏகாம்பரம் மணியோடு சேர்த்து வண்டியை விற்றுவிட்டான். கார் ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். ரோட்டோரம் பானட்டைத் தூக்கிவிட்டு ஆறுவதற்காகக் காத்திருக்கும் கார்களைப் பார்த்து வெகு காலமாகிறது. இப்போது முள்ளும் போய், நீல விளக்கு வந்திருக்கிறது.

மாமனார் இறந்த வருஷம், காரியம் முடிந்து திரும்பிய பிறகு, நான் கடையில் புதிதாக ஒரு வால்வு வாங்கி மாட்டினேன். பூங்கொடியைப் பக்கத்தில் உட்கார வைத்து விழுப்புரம் ரோட்டில் ஓட்டினேன். முள் ஏறிப் பாதியில் நின்றது. மண்டகப்பட்டு வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.